வெள்ளிக்கிழமைப் பாட்டு

அப்பாவுக்குப் பேச்சு நின்றுபோன ஒன்பதாம் நாள் காலையில் அவர் இங்கிலீஷில் பாடினார்.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் ஏழு நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அரிமளத்திலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் எங்கள் ஊர். முன் அறையில் டிவி இருந்த இடத்தில் கட்டிலைப் போட்டோம்.

அன்று அம்மா வெந்நீரில் துண்டை முக்கி அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவரைத் தோளோடு தாங்கி உட்கார வைத்திருந்தேன். அதுவரை அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் "ப்பா, ப்பா" என்ற ஒரு சத்தம்தான். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். திடீரென்று அவர் நெஞ்சு என் கைக்குள் விரிந்தது. ராகம் வந்தது. ராகத்தோடு வார்த்தைகளும் வந்தன. நாலு வரி. மூச்சு விட வேண்டிய இடத்தில் சரியாக மூச்சு விட்டார்.

அம்மா கையிலிருந்த துண்டு தரையில் விழுந்தது.

"பேசுறாக. தம்பி, அப்பா பேசுறாக."

"பேச்சு இல்லம்மா. அந்தப் பாட்டு."

"எதா இருந்தா என்ன, வார்த்தை வருதுல்ல? என்ன சொல்றாக?"

எனக்கு அப்போது சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எனக்கு உடம்பு முழுவதும் அப்படித்தான் இருந்தது. துண்டை எடுத்துப் பிழிந்து அம்மா கையில் கொடுத்தேன். பாட்டு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதே கேள்விக்குப் பதிமூன்று வருடத்துக்கு முன்பு நான் ஒரு பதில் சொல்லியிருந்தேன். இந்த வீடு அன்றிலிருந்து அந்தப் பதிலின்படிதான் நடந்துகொண்டிருந்தது.

அப்பா பதினாறு வருடம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவர். தங்கும் இடத்திலிருந்து வேலை நடக்கும் இடத்துக்கு எல்லோரையும் லாரியின் பின்னால் ஏற்றிக் கூட்டிப் போவார்கள். சாமான்களை ஏற்றி இறக்கும் பொறுப்பு அப்பாவுடையது என்பதால் அவருக்கு மட்டும் டிரைவர் பக்கத்தில் இடம். டிரைவர் வயதான சீனர். அப்பாவுக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு அப்பா மொழி தெரியாது. வண்டியில் இருந்தது ஒரே ஒரு கேசட். போகும்போது முக்கால் மணி நேரம், வரும்போது முக்கால் மணி நேரம், வருடக்கணக்கில் இருவரும் அதைக் கேட்டார்கள். அதில் ஒரு பாட்டு வந்தால் மட்டும் சீனர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிடுவாராம், வெளிச் சத்தம் கலக்கக் கூடாதென்று.

பாடியவர் அமெரிக்காவின் கறுப்பினத்து ஆள். நான் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே இறந்துவிட்டார். அந்த வகைப் பாட்டுக்கு அங்கே 'சோல்' என்று பெயர், ஆத்மா என்று பொருள். அந்தப் பாட்டு வந்த காலத்தில் வந்த மற்றப் பாட்டெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. இது மட்டும் இன்னமும் காபிக் கடையிலும் கல்யாண வீடியோவிலும் ரீல்ஸிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதெல்லாம் பின்னால் நான் தெரிந்துகொண்டவை. அப்பாவுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது குரல் மட்டும்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது லீவில் வந்தவர், பாட்டை மெமரி கார்டில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். எங்கள் வகையறாவில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பட்டாவோ மருந்துச் சீட்டோ, கரண்டு ஆபீஸிலிருந்து வந்த தாளோ, எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். "படிச்ச பயகிட்ட குடு" என்பார்கள். படித்த பயல் தெரியாது என்று சொல்ல முடியாது. சொன்னால், பிறகு எதற்குப் படிக்கிறாய் என்ற கேள்வி வரும்.

"டேய், இதக் கேளு. இந்தாளு என்ன சொல்றான்?" என்று அப்பா போனைக் காதில் வைத்தார்.

பசுவைப் பற்றிப் பத்து வரி மனப்பாடமாக எழுதுகிற இங்கிலீஷ் என்னுடையது. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது ஒன்று பிடிபட்டது: லார்டு. அதற்கு ஆண்டவர் என்று பாடப் புத்தகத்தின் கடைசியில் பொருள் போட்டிருந்தது ஞாபகம் வந்தது.

"சாமி பாட்டுப்பா."

"அதான பாத்தேன்" என்றார் அப்பா. "எப்புடிக் கெஞ்சுறான் பாரு. மனுசங்கிட்ட எவனாச்சும் இப்புடிக் கெஞ்சுவானா? என்ன கேக்குறான் சாமிகிட்ட?"

"தப்பையெல்லாம் மன்னிச்சு என்னைய ஏத்துக்கன்னு."

அப்பா போனை இன்னொரு முறை தன் காதில் வைத்துக் கேட்டார். பிறகு உள்ளே திரும்பி, "ஏ இந்தா" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அவர் அம்மாவைக் கூப்பிடுவது அப்படித்தான். "சாமி பாட்டாமுல்ல. தெரியாமப் போச்சே, கவுச்சி தின்ன வாயோடல்ல இத்தன வருசமும் கேட்டுருக்கேன்."

அந்த வெள்ளிக்கிழமை போன் சாமி அலமாரிக்குப் போனது. அம்மா அதன் முதுகில் குங்குமம் வைத்தாள். முருகன் படத்துக்குச் சூடம் காட்டும்போது அந்தப் பாட்டு. அப்பா செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுக் கைகட்டி நின்று கேட்டார். அவர் சிங்கப்பூர் திரும்பிய பிறகும் அம்மா ஒரு வெள்ளி தவறாமல் போட்டாள். "பாட்டுப் போட்டியா?" என்று அங்கிருந்து கேட்பார். ஐந்து வருடத்துக்கு முன்பு நிரந்தரமாக ஊர் திரும்பி, வயலில் போர்வெல்லைச் சரிசெய்து கடலை போட ஆரம்பித்த பிறகும் அது மாறவில்லை. கறி எடுக்கிற நாளில் அந்தப் பாட்டு கூடாது. எங்கள் தெருவில் அதற்கு 'இங்கிலீசு சாமி பாட்டு' என்று பெயர்.

உண்மை எனக்குத் தெரிந்தது கல்லூரி விடுதியில். என் அறைத் தோழன் ஆவூர்க்காரன், மாதா கோயில் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவன். ஒருநாள் அவன் போனில் அந்தப் பாட்டு ஓடியது. இது எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைப் பாட்டு என்று சாதாரணமாகச் சொன்னேன். கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"மாப்ள, சூடம் காட்டுவீங்களா இதுக்கு?"

"ஆமா. ஏன்?"

அவன் சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு ஒவ்வொரு வரியாக நிறுத்திச் சொன்னான். ரொம்ப நாள் வெளியூரில் இருந்துவிட்டு வந்த ஒருவன், தன் வீட்டுக் கதவுக்கு வெளியே மழையில் நிற்கிறான். உள்ளே விளக்கு எரிகிறது. பெண்டாட்டி கதவைத் திறக்கவில்லை. சோறு வேண்டாம், பாய் வேண்டாம், மழை விடும்வரை உள்ளே நிற்கிறேன், அது போதும் என்கிறான். பின்னால் சேர்ந்து பாடும் பெண்கள் பக்கத்து வீட்டுக்காரிகள் மாதிரி, திறந்துவிடேன் என்று அவனுக்காகச் சொல்கிறார்கள்.

"நடுவுல லார்டுன்னு வருதேடா?"

"மழையில நனஞ்சு நின்னா நாங்ககூடத்தான் மாதாவேம்போம். அதுக்காக அது மாதா பாட்டாயிருமா?" என்றவன், சிரிப்பு அடங்கிய பிறகு வேறு மாதிரிச் சொன்னான். "ஆனா ஒங்கப்பா இத சாமி பாட்டுன்னு நெனச்சது முழுசாத் தப்பு இல்லடா. இந்தாளு கோயில்ல பாடிப் பழகுன ஆளு. சாமிகிட்ட எப்புடிக் கேக்கணும்னு கத்துக்கிட்டத அப்புடியே கொண்டாந்து பொண்டாட்டிகிட்டக் கேக்குறான். அந்தக் கொரலுக்கு வேற விதமாக் கேக்கத் தெரியாது."

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். அது வெள்ளிக்கிழமை. அம்மா கண்ணை மூடி நின்றாள். சொல்லவில்லை. அடுத்த முறையும் சொல்லவில்லை. படித்து முடித்து, அரிமளத்தில் இ-சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்து, நாள் முழுவதும் அடுத்தவர் விவரங்களைப் பிழையில்லாமல் நிரப்புகிற ஆளாகிவிட்டேன். இந்த ஒரு பிழை அப்படியே இருந்தது.

அதனால்தான், "என்ன சொல்றாக?" என்று அம்மா கேட்டபோது, "அதே பாட்டுத்தாம்மா" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அதுதான் வினையாகிப்போனது.

ஏனென்றால், அவளுக்குத் தெரிந்த பொருள் நான் கொடுத்தது. மன்னித்து என்னை ஏற்றுக்கொள். படுக்கையில் விழுந்த மனிதன் சாமியிடம் என்னை ஏற்றுக்கொள் என்று கேட்டால் என்ன அர்த்தம்? இரண்டு நாள் யோசித்திருக்கிறாள் போல. மூன்றாம் நாள் அப்பா பாட வாயைத் திறந்ததும் ஓடிவந்து உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"வேணாம். கேக்காதீக. அப்புடிக் கேக்காதீக."

அப்பா அவளைப் பார்த்தார். கையை எடுத்ததும் மறுபடி முதல் வரி வந்தது. மறுபடி பொத்தினாள். சாமி அலமாரியின் திரையை இழுத்து மூடினாள். அந்த வெள்ளிக்கிழமை சூடம் இல்லை, பாட்டும் இல்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு, சாப்பிடாமலே தட்டைக் கழுவி வைத்தாள். அப்பாவின் அக்கா, என் அத்தை, எதிர் வீடு. அவள் வந்து பார்த்துவிட்டு, "போகணும்னு கேக்குற மனுசன எத்தன நாளுக்கு வாயப் பொத்தி வப்ப?" என்று சொல்லிவிட்டுப் போனாள். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கதவு நிலையில் சாய்ந்து நின்று, கரண்டு போன வீட்டில் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

வாரம் இரண்டு நாள் புதுக்கோட்டையிலிருந்து பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவார். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். ஸ்கூட்டியை நிறுத்தியதும் கையைக் கழுவிவிட்டு நேராக வேலைக்கு வந்துவிடுவார். வலது காலுக்கு வார் வைத்த ஒரு செருப்பு வாங்கச் சொன்னதும் அவர்தான். தரையில் கால் ஊன்றி உட்காரும்போதெல்லாம் அது காலில் இருக்க வேண்டும். அன்று அவர் அப்பாவின் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தபோது அப்பா பாட ஆரம்பித்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள், கை ஈரத்தோடு.

"என்னங்கம்மா பண்றீங்க? விடுங்க" என்றார் அந்தப் பெண். "பாட்டு வருதா இவருக்கு? எத்தன நாளா?"

சொன்னேன்.

"ஏங்க, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? பேச்சு வர்ற வழி வேற, பாட்டு வர்ற வழி வேறங்க. அந்த வழி அடபடல. நீங்க கூடச் சேந்து பாடுங்க. கடைசி வார்த்தைய மட்டும் அவருக்கு விடுங்க. கொஞ்சம் பழகுனதும் நம்ம வீட்டு வார்த்தைய அந்த மெட்டுல வச்சுப் பாருங்க. இப்ப விட்டுட்டா அப்பறம் கஷ்டம். எல்லாருக்கும் வந்துரும்னு சொல்ல மாட்டேன். ஆனா இவருக்கு இருக்குற ஒரே வாசப்படி இதுதான்."

அம்மா உள்ளே போனாள். அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு நானும் போனேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"அம்மா, அது சாமி பாட்டு இல்ல."

"எது?"

"அப்பா பாடுறது. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் வெளங்கல. வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

கீரை உருவும் கை நிற்கவில்லை. "பின்ன யாருகிட்டக் கெஞ்சுறான்?"

"பொண்டாட்டிகிட்ட."

"என்ன கேட்டு?"

விண்ணப்பத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்புவது போலச் சொன்னேன். வெளியூர், மழை, கதவு, உள்ளே எரிகிற விளக்கு. குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல் நான் சொல்வது எனக்கே கேட்டது.

"தெறந்தாளா?"

"தெரியலம்மா. அதுக்குள்ள பாட்டு முடிஞ்சிரும்."

ஒரு கொத்து முழுவதும் ஆய்ந்து முடித்தாள். காம்பை ஓரமாக ஒதுக்கினாள்.

"அப்ப பதிமூணு வருசமா எவனோ ஒருத்தன் பொண்டாட்டி கால்ல விழுறதுக்கா நான் சூடம் காட்டுனேன்?"

"ஆமா."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"காலேஜ்ல. ஏழு வருசம் இருக்கும்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அவுகளுக்கு ரத்தம் அடச்சு வாயி போச்சு. ஒனக்கு என்னடா அடச்சுச்சு?"

அம்மா கீரைச் சட்டியை நகர்த்திவிட்டு எழுந்து முன் அறைக்குப் போனாள். அப்பா விழித்திருந்தார். அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, "பாடுங்க" என்றாள். அவர் அவளுடைய கையைப் பார்த்தார், வாயைப் பொத்த வருமோ என்று. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். "பாடுங்க, இனி ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் பாடினார். முடிந்ததும் அவள், "தெறந்துதான் கெடக்கு" என்றாள். அப்பாவுக்கு அது என்ன புரிந்திருக்கும் என்று தெரியவில்லை. அன்று இரவு தட்டில் போட்டதை முழுவதும் சாப்பிட்டாள்.

மறுநாளிலிருந்து ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை அந்தப் பாட்டு ஓடியது. நான் இங்கிலீஷ் வரிகளைப் பாடி, கடைசி வார்த்தையை விடுவேன். அப்பா அதை முடிப்பார். அதுவரை நான் அந்தப் பாட்டை ஒழுங்காகக் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. முதலில் நான் சொன்ன பொய்யாக அது இருந்தது, பிறகு நான் சொல்லாமல் விட்ட உண்மையாக. ஆரம்பத்தில் அந்த ஆள் பாடுவதே இல்லை. தொண்டை காய்ந்தவன் தண்ணீர் கேட்கிற மாதிரி, பேச்சுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறார். டிரம் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறது. மூன்றாவது சரணத்தில்தான் குரல் ஏறுகிறது. ஏறிக்கொண்டே போய், எல்லோரும் எதிர்பார்க்கிற அந்த உச்ச வார்த்தைக்கு முன்னால் நின்றுவிடுகிறது. அந்த வார்த்தையை அவர் பாடவே இல்லை. அந்த இடத்தில் ஆர்கன் வாத்தியம் மட்டும் கேட்கிறது. கதவு என்ற வார்த்தை அங்கே வர வேண்டும். கேட்கிறவர்தான் அதை வைத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடம் இந்தப் பாட்டு அழியாமல் இருப்பது அந்தக் காலி இடத்தினால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றியது, அவ்வளவுதான். அப்பாவுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் இடது கை விரல் கட்டில் சட்டத்தைத் தட்டியது.

பிறகு வீட்டு வார்த்தைகளை வைத்தோம். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, மெட்டு வரும். பதிமூன்று வருட வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் மழையில் நின்றவனின் ராகத்தில், "எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும், கொண்டா அந்தச் சொம்ப" என்று அவள் பாடினாள். அத்தை வாசலில் நின்று கேட்டாள்.

"நல்லாருக்கு. அப்பனப் பேச வையிடான்னா ஆத்தாளும் மகனும் கச்சேரி நடத்துதுக. படிச்சவன் வீடு இப்புடித்தான் இருக்கும் போல."

"நீங்களும் வந்து பின்பாட்டுப் பாடுங்க மதினி" என்றாள் அம்மா. "அந்தப் பாட்டுல பக்கத்து வீட்டுக்காரிகளுக்கும் எடம் இருக்காம்."

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. இங்கிலீஷ் வார்த்தை வரும், தமிழ் வார்த்தை வைத்த இடத்தில் "ப்பா" வரும். நான்காவது வாரம் ஒருநாள் மத்தியானம் அம்மா பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கட்டில் பக்கத்தில் இருந்தேன். யாரும் ஆரம்பித்துக் கொடுக்காமல் அப்பா மூன்றாவது சரணத்தைத் தானாக எடுத்தார். வார்த்தை இல்லாமல் வெறும் ராகமாக ஏறினார். அந்தக் காலி இடம் வந்தது. அங்கே, ஆர்கன் ஒலிக்க வேண்டிய இடத்தில், "ஏ இந்தா" என்றார். ராகத்தோடுதான். ஆனால் தெளிவாக.

பின்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. "வாரேன், வாரேன்" என்று அம்மா குரல் வந்தது. முப்பது வருடமாகச் சொல்கிற பதில். சொல்லிவிட்டு அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கையில் சாம்பலோடு நிலைப்படியில் வந்து நின்றவள் அடுத்த எட்டு வைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை காலையில் அலமாரியின் திரையை அம்மா விலக்கினாள். போனின் முதுகைத் துடைத்துப் புதிதாகக் குங்குமம் வைத்தாள்.

"எதுக்கும்மா? அதான் தெரிஞ்சுபோச்சே."

"எனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாள். "அவுகளுக்கு அது சாமி பாட்டு. இருந்துட்டுப் போகட்டும். நீ மறுபடி போயி அவுககிட்ட ஒண்ணும் வெளக்காத."

அப்பாவை எழுப்பி, செருப்பு மாட்டிய கால் இரண்டையும் தரையில் ஊன்றிக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்திருந்தேன். அம்மா சூடம் ஏற்றினாள். பாட்டு ஆரம்பித்தது, காய்ந்த தொண்டை, இரண்டு தட்டு. அப்பா உடனே பாடவில்லை. இடது காலை அசைத்து அந்தக் காலின் செருப்பைக் கழற்றித் தள்ளினார். பிறகு அதே கால் வலது பக்கம் போனது. வார் வைத்த செருப்பின் மேல் பெருவிரலை வைத்து இழுத்தார். வரவில்லை. திரும்ப இழுத்தார். வலது கால் அசையாமல் கிடந்தது. பாட்டு முதல் சரணத்தைத் தாண்டிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார்.

நான் கீழே உட்கார்ந்து அந்த வாரைக் கழற்றினேன். செருப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைத்தேன்.